குறுந்தொகை 167-ல் பேசுவது யார்? (வகுப்பில் வீட்டைப் பற்றிப் பேசுவது குறித்து ஒரு கேள்வி)

கரும்பலகை எழுதியது:

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். போன வாரம் நடந்த ஒன்றை இங்கே சொல்லி யோசனை கேட்கலாம் என்று வந்தேன்.

குடும்பம், உறவு என்று ஒரு சரடு பிடித்து, பாடநூலுக்கு வெளியே நாலைந்து சங்கப் பாடல்களைச் சொல்லித்தருவதாகத் திட்டம். முதலில் புறநானூறு 188, பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. 'குறுகுறு நடந்து சிறுகை நீட்டி, இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்' என்று படித்ததுமே வகுப்பு சிரிக்க ஆரம்பித்துவிட்டது. வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர்கள் எழுந்து நடித்தே காட்டினார்கள். நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் அந்தக் குழந்தை எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

அப்புறம் கடைசி இரண்டு அடி. 'மயக்குறு மக்களை இல்லோர்க்குப் பயக்குறை இல்லைத் தாம்வாழு நாளே.' பிள்ளை இல்லாதவர்களுக்கு, வாழும் நாளில் பயன் இல்லை என்று பொருள் சொன்னேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து, "அப்போ எங்க பெரியம்மா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவளை வளர்ப்பது பெரியம்மா, அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. "அது அந்தக் காலத்துக் கருத்தும்மா" என்று மழுப்பினேன். மணி அடித்தது, தப்பித்தேன்.

அடுத்த வாரத்துக்கு, எல்லோரும் தங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றை எழுதி வந்து வகுப்பில் வாசிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். இப்போது அதைச் செய்யவே பயமாக இருக்கிறது. செய்யலாமா, விடலாமா?

நாலாம் பீரியட் எழுதியது:

விட்டுவிடுங்கள். அருஞ்சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, திணை, துறை. அதற்கே நேரம் போதவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால் வெளியே வரும் வழி நமக்குத் தெரியாது.

ஓய்வுபெற்றவன் எழுதியது:

கரும்பலகை டீச்சர், 'அந்தக் காலத்துக் கருத்து' என்று சொன்னது தப்பில்லை. ஆனால் அது முழுப் பதிலும் இல்லை. அது ஒரு காலத்தின் கருத்து என்பதைவிட, ஓர் ஆளின் குரல். பாடியவன் அரசன். வாரிசு இல்லாத அரசனின் கவலையும் நம் கவலையும் ஒன்றா? அவன் வீட்டுச் சோற்றுத்தட்டை வைத்துச் சொன்ன வரியை எல்லா வீட்டுக்கும் சட்டமாக ஆக்கியது அவனல்ல, உரை சொன்ன நாம்தான்.

அந்தப் பெண்ணுக்குப் பதில் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. செவிலி. அகப்பாடல்களில் பெற்றவள் பேசுவதை விட வளர்த்தவள் பேசுவது ஒன்றும் குறைச்சல் இல்லை. மகள் போய்விட்ட பிறகு பாலைவழியில் தேடிக்கொண்டு போகிறவளும் அவள்தான், புதுக்குடித்தனத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து பெற்றவளிடம் சேதி சொல்கிறவளும் அவள்தான்.

பணியில் இருந்தபோது குறுந்தொகை 167-ஐ இப்படி நடத்துவேன். கூடலூர் கிழார் பாட்டு, ஆறே அடி. பாட்டை மட்டும் பலகையில் எழுதுவேன். யார் யாரிடம் சொன்னது என்ற குறிப்பை எழுத மாட்டேன். கட்டித் தயிரைப் பிசைந்த மெல்லிய விரல். அதைத் துடைத்த சேலையை மாற்றக்கூட நேரமில்லை. தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை 'இனிது' என்று கணவன் சாப்பிடுகிறான். 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.' பிள்ளைகளிடம் ஒரே கேள்வி: இதைச் சொல்வது யார்?

கணவன் என்பார்கள். தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறவன் இதை எப்படிப் பார்த்திருப்பான்? பக்கத்து வீட்டுக்காரி என்பார்கள். சிரித்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இங்கே முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது, அவ்வளவுதான். அந்த அளவு மாற்றம் யார் கண்ணில் படும்? சின்ன வயதிலிருந்து அந்த முகத்தைப் பார்த்து வந்தவள் கண்ணில்தான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே பிள்ளைகள் செவிலியிடம் வந்து சேர்வார்கள். இத்தனைக்கும் எவன் வீட்டுக் கதையையும் நான் கேட்டதில்லை.

வாரக்கடைசி வாத்தியார் எழுதியது:

ஐயா, அருமை. வெளிநாட்டில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். நேற்று இதையே செய்து பார்த்தேன். ஒரு பையன் "மாமியார்" என்றான். இன்னொருவன் உடனே, "மாமியாரா இருக்க முடியாது, பாராட்டுறாங்களே" என்றான். பத்து நிமிடம் வகுப்பு போயே போச்சு.

சிரிப்பு அடங்கியதும் ஒரு சிறுமி கேட்டாள்: "சமைச்சது அவ. சாப்பிட்டது அவன். அவ எப்போ சாப்பிட்டா?" பாட்டில் அதற்குப் பதில் இல்லை. யார் கடைசியாகச் சாப்பிடுவது என்று பேச்சு எங்கெங்கோ போனது. யாரும் 'எங்கள் வீட்டில்' என்று ஆரம்பிக்கவில்லை. ஆனால் எல்லோரும் அவரவர் வீட்டைப் பற்றித்தான் பேசினார்கள், அது எனக்குத் தெரிந்தது.

சுவடி எழுதியது:

சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்கிறேன். ஓய்வுபெற்றவன் ஐயாவின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு ஆய்வு வழியாகவும் ஒரு நியாயம் உண்டு. பாட்டின் கீழே இருக்கும் கூற்றுக் குறிப்பு புலவர் எழுதியதல்ல, பின்னால் சேர்ந்தது என்பதுதான் பலர் கருத்து. ஆகவே அதை மறைப்பதில் குற்றம் இல்லை.

ஆனால் செவிலியைக் காட்டி அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்லும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். 'தோழி தானே செவிலி மகளே' என்கிறது தொல்காப்பியம். அதாவது செவிலிக்குச் சொந்த மகள் உண்டு; பிள்ளை இல்லாதவள் அல்ல. அப்புறம், நற்றிணை 110-ல் வருவது போல் பொற்கலத்தில் பால் ஏந்தி நிற்கும் செவிலியர் எல்லா வீட்டிலும் இருந்திருப்பார்களா? செல்வமுள்ள வீட்டுச் சித்திரம் அது. இலக்கிய மரபு வேறு, குடும்ப வரலாறு வேறு. 'சங்க காலத்தில் குடும்பம் இப்படி இருந்தது' என்று பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டு என்பது வீட்டைப் பற்றிப் பேச ஒரு சாக்காக ஆகிவிட்டால், பாட்டுக்கு அநியாயம் செய்கிறோம். 'நுண்ணிதின்' என்ற சொல்லில் நின்ற வகுப்பு பாட்டில் நின்றது. 'உன் அம்மா உனக்கு என்ன சமைப்பாள்?' என்று தாவிய வகுப்பு பாட்டை விட்டுப் போய்விட்டது.

டீச்சரின் கேள்விக்கு நேராக வருகிறேன். அகத்திணைக்கு ஒரு பழைய விதி இருக்கிறது: 'மக்கள் நுதலிய அகன் ஐந்திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்.' காதலையும் குடும்பத்தையும் பாடும்போது இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது. தலைவி, தோழி, செவிலி, நற்றாய், அவ்வளவுதான். அந்த விதியை உங்கள் வகுப்புக்கு அப்படியே எடுத்துக்கொள்ளுங்களேன்.

கரும்பலகை எழுதியது:

இதை நான் பத்து வருடமாக இலக்கண விதியாக மட்டுமே சொல்லித் தந்திருக்கிறேன்! வகுப்பில் எப்படிச் செய்வது என்று இன்னும் பிடிபடவில்லை. கட்டுரையைப் பெயர் இல்லாமல் எழுதச் சொல்வதா?

ஓய்வுபெற்றவன் எழுதியது:

கட்டுரையே வேண்டாம். துறை எழுதச் சொல்லுங்கள், அதாவது பாட்டின் கீழே வரும் 'இன்னார் இன்னாரிடம் சொல்லியது' என்ற குறிப்பு மாதிரி. ஒரே ஒரு வாக்கியம். 'வேலை முடிந்து இரவில் வந்த தாய், உறங்கும் மகனைக் கண்டு தன் நெஞ்சிற்குச் சொல்லியது.' 'தேர்வில் தோற்ற தம்பிக்காகத் தந்தையிடம் தமக்கை சொல்லியது.' பாட்டு அவர்கள் எழுத வேண்டியதில்லை. யார், யாரிடம், எப்போது, இந்த மூன்றும் போதும். உண்மையா கற்பனையா என்று கேட்கவே கூடாது. துறைக்கு அந்தச் சௌகரியம் உண்டு. தலைவி என்று எழுதிவிட்டால் அது தலைவி, உன் அக்கா அல்ல.

சுவடி தம்பியோ தங்கையோ தெரியவில்லை, அந்த நூற்பாவை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி.

வீட்டுப்பாடம் எழுதியது:

ஆசிரியர் இல்லை, அம்மா. படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை.

என் மகன் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பள்ளியில் 'எங்கள் குடும்பப் பாரம்பரியம்' என்று ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுத வேண்டும், படம் ஒட்ட வேண்டும். நானும் அவன் அப்பாவும் இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். கேட்க எந்தப் பாட்டியும் இல்லை. கடைசியில் என் தோழியின் அம்மாவுக்குப் போன் போட்டு, அவர் சொன்னதை எழுதி அனுப்பினோம். 'மிக நன்று' என்று குறிப்பு வந்தது. அந்த நோட்டை அவன் பிறகு திறக்கவே இல்லை.

பாரம்பரியத்தைப் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு கதவு இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் துறையில் அந்தக் கதவு இருப்பதாகத் தோன்றுகிறது.

நாலாம் பீரியட் எழுதியது:

விட்டுவிடுங்கள் என்று சொன்னவன்தான் மறுபடி வந்திருக்கிறேன்.

புறநானூறு 312. 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே.' சுவரில் எழுதிவைப்பதற்கென்றே பிறந்த இரண்டு வரி. பெற்றோர் கூட்டத்தில் நானே மேடையில் சொல்லியிருக்கிறேன். மீதி நாலு வரியை யாரும் எழுதுவதில்லை. வேல் வடித்துக் கொடுப்பது கொல்லன் கடன். நல்ல நடையைக் கற்பிப்பது வேந்தன் கடன். போர்க்களத்தில் யானையை வீழ்த்தி மீள்வது மகன் கடன். ஆக, பிள்ளை வளர்ப்பதே போருக்குத்தான். அந்தச் 'சான்றோன்' வீரன்தான் என்று உரை சொல்வாரும் உண்டு.

போன வருடம் ஒரு மாணவி இதில் மகளுக்கு என்ன கடன் என்று கேட்டாள். பொன்முடியார் பெண்பாற் புலவர் ஆயிற்றே, மகளைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். 'தேர்வுக்கு வராது' என்று சொல்லிவிட்டேன். நானும் மழுப்பியவன்தான், டீச்சர்.

வாரக்கடைசி வாத்தியார் எழுதியது:

எங்கள் வகுப்பில் நல்ல பலன் தந்த ஒன்றைச் சொல்கிறேன். உறவுச்சொற்கள்.

பழந்தமிழில் 'என் அம்மா', 'உன் அம்மா' என்று இரண்டு சொல் போட வேண்டியதில்லை. யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். தாய் என்றால் அவன் தாய், அவள் தாய். 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்பதில் இரண்டு வீடும் இரண்டே சொல்லில் வந்துவிடுகின்றன. எந்தை, நுந்தை, தந்தை அப்படியே. எம்பி, நும்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை. இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மூன்றாவது வரிசைதான். 'என் தம்பி' என்று சொல்லும்போதெல்லாம் உண்மையில் 'என் அவன்தம்பி' என்கிறோம் என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

உறவு என்பது யாருடைய உறவு என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அப்பா என்று பொதுவாக ஒருவர் இல்லை. என் அப்பா, உன் அப்பா, அவன் அப்பா என்று வேறு வேறு ஆட்கள். பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் என் வகுப்பில் உண்டு. அவர்களுக்கு இந்தப் பாடம் மற்றவர்களை விடச் சீக்கிரம் புரிந்தது, ஏனோ.

சுவடி எழுதியது:

'அவன்தம்பி' என்பதைவிடத் 'தன் தம்பி' என்பது இன்னும் பொருந்தும். தம் என்பது அவரவரையே சுட்டும். மற்றபடி அழகான பாடம்.

கரும்பலகை எழுதியது:

அடுத்து நற்றிணை 110 எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். போதனார் பாட்டு. தேன் கலந்த பாலைக் குடிக்க மாட்டேன் என்று பந்தலில் ஓடிய சிறுமி. நரைத்த கூந்தல் செவிலியர் துரத்தி ஓய்ந்து நிற்கிறார்கள். அவள்தான் இன்று கணவன் வீடு வறுமைப்பட்டபோது, தந்தை வீட்டுக் கொழுஞ்சோற்றை நினைக்காமல், ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது சாப்பிடுகிறாள். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு.

வீட்டுப்பாடம் எழுதியது:

மன்னியுங்கள் டீச்சர், இது எனக்குப் பயமாக இருக்கிறது. பெண் கஷ்டத்தைப் பிறந்த வீட்டில் சொல்லாமல் பட்டினி கிடப்பதைப் பெருமையாகச் சொல்லித்தரப் போகிறோமா? பதினாலு வயதுப் பெண்களுக்கு?

ஓய்வுபெற்றவன் எழுதியது:

பெருமையாக நடத்தினால் தப்புதான். ஆனால் பாட்டு வெறும் பெருமையா என்று பாருங்கள். 'அறிவும் ஒழுக்கமும் யாண்டுணர்ந் தனள்கொல்' என்று கேள்வி நிற்கிறது. இந்த அறிவை எங்கே கற்றாள்? கேட்பவள் வளர்த்தவள். தான் கற்றுக்கொடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஊட்டப் போனால் ஓடியவள், இன்று ஊட்ட ஆள் இல்லாத இடத்தில் பாதி வயிற்றோடு இருக்கிறாள். பாட்டில் முக்கால் பங்கு அந்தப் பால் கிண்ணத்துக்கும் ஓட்டத்துக்கும் போய்விடுகிறது. பசி வருவது கடைசி நாலு அடியில்தான். பெருமைதான் பாடவேண்டும் என்றால் இத்தனை பால் எதற்கு? 'சிறுமதுகையளே', சின்ன வலிமை உடையவளே, என்று முடியும்போது எனக்குக் கேட்பது பாராட்டு மட்டுமல்ல, தொண்டை அடைப்பதும்தான்.

வீட்டுப்பாடம் எழுதியது:

நீங்கள் சொல்வது புரிகிறது ஐயா. ஆனால் உங்களுக்குக் கேட்கும் தொண்டை அடைப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்காது. சிலருக்கு 'பொறுத்துப் போ' என்பது மட்டும்தான் கேட்கும், ஏனென்றால் வீட்டில் ஏற்கெனவே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சுவடி எழுதியது:

இரண்டு பேரும் சொல்வதும் அந்தப் பாட்டில் இருக்கிறது. தனியாக நடத்தாதீர்கள் என்பது என் யோசனை. பக்கத்தில் புறநானூறு 145-ஐ வையுங்கள். மயில் குளிரில் நடுங்கும் என்று போர்வை கொடுத்த பேகன், மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி அல்ல) விட்டுப் பிரிந்திருக்கிறான். பரணர் போய்ச் சொல்கிறார்: 'பசித்தும் வாரேம், பாரமும் இலமே.' எங்களுக்குப் பரிசில் வேண்டாம். தேரில் ஏறிப் போய் அவள் துயரைக் களை, அதுதான் நாங்கள் கேட்கும் பரிசில். கபிலரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் இதையே பாடியிருக்கிறார்கள். நாலு புலவர்கள் ஒரு வீட்டு விவகாரத்தில் தலையிட்டிருக்கிறார்கள்! 'வீட்டு விஷயத்தில் வெளியார் பேசக் கூடாது' என்பது அப்போது எல்லோருக்கும் விதியாக இல்லை போலிருக்கிறது.

நாலாம் பீரியட் எழுதியது:

மயிலுக்குப் போர்வை கொடுத்ததை மட்டும் இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டே காலத்தை ஓட்டிவிட்டோம்.

சரி, ஒரு நடைமுறைக் கேள்வி. பெயர் இல்லாமல் துறை எழுதச் சொல்கிறீர்கள். அதில் ஒரு பிள்ளை 'குடித்து வந்து அடித்த தந்தைக்குப் பயந்து கதவின் பின் நின்ற மகன் சொல்லியது' என்று எழுதினால்? கற்பனை என்று வைத்துவிட்டு அடுத்த தாளை எடுப்பீர்களா?

ஓய்வுபெற்றவன் எழுதியது:

மாட்டேன். இது முக்கியமான கேள்வி, நான் யோசிக்காமல் விட்டேன்.

ஆசிரியருக்குக் கையெழுத்து தெரியும். தெரியாத மாதிரி வகுப்பில் இருக்கலாம், தனியாக அப்படி இருக்க முடியாது. பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை: 'யார் எழுதியது என்று வகுப்பில் கேட்க மாட்டேன். ஆனால் யாருக்காவது ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் சும்மா இருக்க மாட்டேன்.' 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பலகையில் எழுதிவிட்டே பாடத்தை ஆரம்பிக்கலாம், பாடத்தோடு பாடமாக.

வீட்டுப்பாடம் எழுதியது:

இதைச் சொன்னதற்கு நன்றி ஐயா. இப்போதுதான் மூச்சு வந்தது.

வாரக்கடைசி வாத்தியார் எழுதியது:

கனமாகிவிட்டது, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நற்றிணை 172. விளையாட்டாக மணலில் புதைத்து மறந்துபோன புன்னை விதை முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அம்மா சொல்கிறாள்: 'நும்மினும் சிறந்தது, நுவ்வை ஆகும்.' உங்களை விட நல்லது, இது உங்கள் தங்கை. அதனால் அந்த மர நிழலில் தலைவனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறதாம்! வகுப்பில் ஒருவன், "தங்கச்சி வீட்ல போட்டுக் குடுத்துடும்" என்றான். அந்த அம்மா ரத்த உறவெல்லாம் கணக்குப் பார்க்கவில்லை. ஊற்றி வளர்த்தீர்கள், ஆகவே தங்கை.

பெரியம்மா வளர்க்கும் பெண்ணுக்கு நான் இந்தப் பாட்டைத்தான் கொடுத்திருப்பேன்.

கரும்பலகை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தேர்வுத்தாள் திருத்தும் வேலை.

செய்தோம். முதலில் 167, குறிப்பை மறைத்து. மாமியார் என்று எங்கள் வகுப்பிலும் ஒருவன் சொன்னான்! அடுத்த நாள் புன்னை. 110-ஐயும் 145-ஐயும் ஒரே நாளில் வைத்தது அதிகம், நேரம் போதவில்லை. பேகனைப் பாதியில் விட்டேன். 'ஏன் அப்பா வீட்டுக்குச் சொல்லி அனுப்பவில்லை?' என்று 110-ல் ஆறேழு பேர் கேட்டார்கள். 'சொன்னால் அப்பா வருத்தப்படுவார்' என்று சிலர். 'வருத்தப்படட்டுமே' என்று ஒருத்தி. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று வீட்டுப்பாடம் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

பிறகு துறை. பலகையில் 1098 எழுதினேன், ஐயா சொன்ன இரண்டு வாக்கியத்தையும் சொன்னேன். தாளைப் பெட்டியில் போட வேண்டும். வெளியே வாசிக்கலாம் என்றால் மூலையில் ஒரு சின்ன வட்டம். வட்டம் இல்லாதவற்றை நான் மட்டும் படித்தேன், அவற்றைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். ஒருவனிடம் தனியாகப் பேசினேன். பேச வேண்டியவர்களிடமும் பேசியாயிற்று.

வட்டம் போட்டவற்றில் சில: 'அக்காவின் பழைய சீருடையைப் பெற்ற தங்கை, பையில் பழைய கடிதம் கண்டு திருப்பி வைத்தது.' 'வெளிநாட்டிலிருந்து காணொளியில் பேசும் தந்தைக்கு, மகன் உயரத்தைச் சுவரில் காட்டியது.' 'ஊட்டிய பாட்டிக்கு இன்று ஊட்டும் பேரன், "ஓடாதே பாட்டி" என்றது.' இந்தப் பையன் 110-ஐத் திருப்பிப் போட்டுவிட்டான் பாருங்கள்!

இன்னொன்று. இதிலும் வட்டம் இருந்தது. யார் எழுதியது என்று கேட்கவில்லை.

'அரசன் பாடியதை வளர்த்தவளிடம் கூறாது மறைத்த மகள், தன் நெஞ்சிற்குச் சொல்லியது.'

வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

நாலாம் பீரியட் எழுதியது:

பெட்டி என்ன பெட்டி? சாக்பீஸ் டப்பா போதுமா, இல்லை பெரியதாக வேண்டுமா? என் வகுப்பில் 52 பேர்.